ஆராய்தலும் துருவுதலும்

ஒருவனை வேலையில் அமர்த்துமுன் அவனது முன்வரலாற்றை விசாரித்தறிய முதலாளிக்கு உரிமை உண்டா? உண்டெனின் அவ்வுரிமைக்கு எல்லை யாது? இவ்வினா மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்துப் பிழைக்கும் நம்மவர் ஒவ்வொருவர் வாயிலிலும் இன்று வந்து நிற்கிறது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வேலை தேடிப் போகும் பிள்ளையின் கையில் விண்ணப்பத்தாளோடு வேறொரு தாளும் கொடுக்கப்படுகிறது. போலீஸ் இலாகாவிலும், முன்னர் வேலை செய்த இடங்களிலும், படித்த பள்ளியிலும், கடன் விவரம் வைத்திருக்கும் நிறுவனங்களிலும் தன்னைப் பற்றி விசாரித்துக்கொள்ளத் தான் சம்மதிப்பதாக அதில் அச்சிட்டிருக்கிறது. பிள்ளை அதைப் படிப்பதில்லை. கையொப்பம் இடவேண்டிய இடம் எங்கே என்று மட்டும் பார்க்கிறான்.

இதைக் குறித்து நம்மவரிடையே இருவகை அபிப்பிராயங்கள் உலவுகின்றன. ஏழைகள் என்பதனால்தானே நம்மைத் திருடரைப்போல் விசாரிக்கிறார்கள் என்று சினப்பார் ஒரு சாரார். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் ஏது என்று பழமொழி கூறி வாயை அடைப்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டாங் கட்சியாரின் வாதமே அபாயமானது என்பது நமது எண்ணம். மடியில் கனமில்லையென்று மெய்ப்பிப்பதற்காக நடுத்தெருவில் மடியை அவிழ்த்துக் காட்டு என எவரும் எவரையும் கேட்கலாமா என்பதன்றோ இங்கே வினா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். விசாரணையே கூடாது என்பது நமது கட்சியன்று. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியின் ஓட்டுநனிடம் செல்லத்தக்க லைசென்சு உண்டா என்று கேளாமல் வண்டியை ஒப்படைக்கும் முதலாளி தாராள மனத்தன் அல்லன். பிறர் பிள்ளைகளின் உயிரைத் துச்சமாக எண்ணுபவன். மலேசியாவின் 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் 2016-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது, சிறார்க்கெதிரான குற்றங்களில் தண்டனை பெற்றோருக்கெனத் தனிப் பதிவேடு ஏற்படுத்தப்பட்டது. குழந்தைகளைப் பராமரிக்கும் இடத்தில் ஆயா வேலைக்கு வருபவரைப் பற்றி விசாரித்தே ஆகவேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமிராது. சிங்கப்பூரில் ஜாகா வேலைக்குப் போகிறவர் 2007-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாவல் தொழிற்சட்டத்தின்படி உரிமம் பெற்றாக வேண்டும். ஜொகூரிலிருந்து பாலங் கடந்து அவ்வேலைக்குச் செல்லும் நம்மவர் இதை நன்கறிவர். பிறருடைய சாவிக் கொத்தைத் தாங்கப் போகிறவன் யார் என்று கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

வள்ளுவரும் இதைக் கூறாமல் விடவில்லை. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்களை, இருபது குறட்பாக்களை, இதற்கென்றே ஒதுக்கி வைத்தார். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கின்பால் ஒருவன் எவ்வாறு நடந்து கொள்கிறான் என்று பார்த்த பின்னரே அவனை நம்பவேண்டும் என்பது அவர் கருத்து. நன்மை தீமை இரண்டையும் நிறுத்துப் பார்த்து, எப்பக்கம் கனக்கிறதோ அதைக் கொண்டு ஒருவனை மதிக்கச் சொன்னவரும் அவரே. இதற்குப் பரிமேலழகர் எழுதிய உரையைப் படிப்போர் சற்றே திடுக்கிடுவர். அரசன் தன் ஆட்களை ஏவி, அவர்கள் தாமாகவே பேசுவதுபோல் சூதான வார்த்தைகளைப் பேசச்செய்து, தேரப்படுவோன் அதற்கு இணங்குகிறானா என்று மறைவாகப் பார்க்கும் 'உபதை' எனப்படும் சோதனைகள் அங்கே கூறப்படுகின்றன. ஒற்றறிதலுக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை.

ஆயினும் அங்கே தேரப்படுவோன் யார் என்பதை நாம் மறத்தலாகாது. நாட்டின் கருவூலத்தையும் படையையும் தன் சொல்லால் அசைக்கப் போகிறவன் அவன். அவன் தவறினால் ஒரு நாடே அழியும். அவ்வளவு பெரிய அதிகாரத்துக்கு அவ்வளவு கடுமையான சோதனை. அமைச்சனுக்கு வைத்த சோதனையைப் பேரங்காடியில் தரை துடைக்க வரும் பெண்ணுக்கு வைப்பது முறையாகுமா? வேலை எவ்வளவு பெரிதோ, கேள்வியும் அவ்வளவே பெரிதாயிருத்தல் வேண்டும். வங்கியில் பணம் எண்ணப் போகிறவனுக்குக் கழுத்தளவு கடன் உண்டா என்று கேட்பதில் பொருளுண்டு. அதே கேள்வியைத் தோட்டக்காரனிடம் கேட்பதில் என்ன பொருள்? செடிக்கு நீர் ஊற்றுகிறவனுடைய தவணைப் பாக்கி செடிக்குத் தெரியுமா? மனநோய் உண்டா என்று விண்ணப்பத்தாளில் கேட்கும் வழக்கம் சிங்கப்பூரில் நெடுங்காலம் இருந்தது. வேலைக்குச் சம்பந்தமில்லாத அக்கேள்வியைக் கேட்கலாகாது என்று 2020-ஆம் ஆண்டில் முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் கூறிவிட்டன. இத்தனை காலம் எத்தனை பேர் அக்கட்டத்தில் பொய் எழுதினர், எத்தனை பேர் மெய்யெழுதி வேலை இழந்தனர் என்பதை யார் கணக்கெடுத்தார்?

இவ்விஷயத்தில் நம்மவருக்குப் பழைய அனுபவம் உண்டு. கங்காணி தன் ஊருக்குத் திரும்பிப்போய் ஆள் சேர்த்த காலத்தில் அச்சடித்த தாள் ஏதும் இல்லை. எந்த ஊர், யார் மகன் என்பதே அவன் கேட்ட கேள்வி. அக்கேள்விக்குள்ளே வேறொரு கேள்வி ஒளிந்திருந்தது என்பது கேட்டவனுக்கும் தெரியும், பதில் சொன்னவனுக்கும் தெரியும். ஜாதி இன்னதென்று தெரிந்தபின், பல தோட்டங்களில் லயத்தின் எந்தக் கோடியில் அறை கிடைக்கும் என்பதும் அப்போதே தீர்ந்துவிடும். வேலைக்கும் ஜாதிக்கும் என்ன சம்பந்தம்? பால் வெட்டும் கத்திக்குக் குலம் தெரியாது. 1938-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் தொழிலாளரை உதவியளித்து மலாயாவுக்கு அனுப்புவதைத் தடைசெய்தபின் அம்முறை ஓய்ந்தது. அக்கேள்வி ஓய்ந்ததா என்பதை வாசகரே அறிவர்.

கடல் கடந்த இலங்கையில், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் இனத்தவர் இதனினும் கொடியதொன்றைக் கண்டனர். அதன் பெயர் 'துண்டு'. ஒரு தோட்டத்துக் கங்காணியும் அவன் கூட்டத்தாரும் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இவ்வளவு கடனைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்பேன் என்று பழைய துரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். புதிய துரை அக்கடனைச் செலுத்தி ஆட்களை எடுத்துக் கொள்வார். கடன் மட்டும் தீராது. தோட்டம் மாறி அவர்கள் பின்னாலேயே வரும். உழைப்பாளியின் முன்வரலாறு முழுவதும் ஒரு தொகையாகச் சுருங்கி அக்காகிதத்தில் இருந்தது. அவனைப் பற்றிய காகிதம்தான் அது. ஆயினும் அதில் என்ன எழுதவேண்டும் என்பதில் அவனுக்கு வாயில்லை. 1921-ஆம் ஆண்டில் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்பட்டது. ஒருவனைப் பற்றிய எழுத்து, அவன் காணாமலும் மறுக்கமுடியாமலும் இரு முதலாளிகளுக்கிடையே போய்வரும்போது அது விசாரணையாயிராமல் விலங்காய் மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேடவேண்டுவதில்லை.

மலேசியாவில் 1968-ஆம் ஆண்டின் வேலை வரையறைச் சட்டம் பிரஜையல்லாதோர் வேலை செய்யப் பெர்மிட் பெறவேண்டும் என்று விதித்தபோது, பல்லாண்டு பால் வெட்டிய கைகள் சிவப்பு அடையாளக் கார்டை நீட்டிக்கொண்டு ஆப்பீஸ் வாசலில் நின்றதையும் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அன்று அவர்கள் வேலை தெரியாதவர்கள் என்று எவரும் சொல்லவில்லை. நேற்றுவரை செய்த வேலைக்கே இன்று காகிதம் இல்லை என்று சொல்லப்பட்டது. பலர் கப்பலேறினர்.

இனி, இக்காலச் சட்டங்களுக்கு வருவோம். மலேசியாவில் 2010-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஒருவருடைய உடல்நலம், மனநலம், அரசியற் கொள்கை, மத நம்பிக்கை, அவர் செய்ததாகவோ செய்ததாகச் சொல்லப்படுவதாகவோ உள்ள குற்றம் ஆகியவற்றை அது நுண்ணிய விவரங்கள் என்று தனியே பிரித்து, அவற்றைக் கையாள அவருடைய வெளிப்படையான சம்மதம் வேண்டுமென்று பொதுவிதி செய்கிறது. சட்டம் குறிப்பிட்ட சில விலக்குகளும் உண்டு. எந்த நோக்கத்துக்காக விவரம் கேட்கப்படுகிறது, யாருக்குக் காட்டப்படும் என்று அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நல்ல சட்டந்தான். ஆனால் அவ்வறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும் என்பதே விதி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய தாய் ஒருத்தி துப்புரவு வேலைக்குப் போகும்போது அவ்விரு மொழிகளிலும் உள்ள சட்ட நடையை எவ்வாறு அறிவாள்? அரசாங்கங்களை அச்சட்டம் கட்டுப்படுத்தாது என்பதையும் சொல்லிவைப்போம்.

மொழி கிடக்கட்டும். தாள் முழுவதும் தேன்போன்ற தமிழிலேயே அச்சிட்டிருந்தாலும் நமது வினா தீராது. சம்மதம் என்பது யாது? மறுப்பதற்கு இடமுள்ள இடத்தில் மறுக்காமல் இருப்பதே சம்மதம். வீட்டில் உலை ஏறவேண்டும், வாடகை கட்டவேண்டும், வரிசையில் பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். இந்நிலையில் இத்தாளில் கையொப்பமிட மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவனுக்குச் சட்டத்தில் உண்டு, வயிற்றில் இல்லை. பசித்தவனுடைய கையொப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அவனே சம்மதித்தான் என்று சொல்லும் முதலாளி தன் மனச்சாட்சிக்கு ஒரு ரசீது வாங்கிக் கொள்கிறான், அவ்வளவே. ஆதலின் நாம் சொல்வது யாதெனில், கையொப்பம் ஒரு கேள்வியை நியாயமாக்காது. வேலைக்கு அவசியமான கேள்வி கையொப்பத்துக்கு முன்பும் நியாயமானது. அவசியமில்லாத கேள்வி பத்துக் கையொப்பம் வாங்கிய பின்பும் அக்கிரமமே. சட்டத்துக்குக் கையொப்பம் தேவைப்படலாம். அதைப் பெற்றதோடு தன் கடமை தீர்ந்தது என்று நினைப்பதுதான் பிழை.

சிங்கப்பூர்ச் சட்டம் இதில் வேறு வழி செல்கிறது. அங்கே 2012-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒருவர் வேலைக்குத் தகுந்தவரா என்று மதிப்பிடுவதற்காக விவரம் சேகரிக்கும்போது அவருடைய சம்மதம் கட்டாயமன்று. கேட்டவுடன் இது கொடுமையாகத் தோன்றும். நமக்கோ இதில் ஒரு நேர்மை தென்படுகிறது. இல்லாத சுதந்திரத்தை இருப்பதாக அது பாவனை செய்யவில்லை. ஆனால் அதே சட்டத்தில், தகுதியை மதிப்பிடும் நோக்கத்துக்காக மட்டுமே வைத்திருக்கும் கருத்துரையைச் சம்பந்தப்பட்டவர் காணக் கேட்டாலும் காட்டியாகவேண்டிய கட்டாயமில்லை என்று ஒரு விலக்கு உண்டு. இதை நம்மால் ஒப்ப முடியவில்லை. பழைய முதலாளி அச்சமின்றி உண்மை சொல்லவேண்டுமானால் இரகசியம் வேண்டும் என்பார்கள். இரகசியத்தில் உண்மை மட்டுமா பேசப்படுகிறது? பழைய பகையும் அங்கேதான் பேசுகிறது.

அப்பகைக்கு ஓரளவு கடிவாளம் இட்டது 2016-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு. காப்புறுதித் தொழிலில் இருந்த ஒருவரைப் பற்றி அவருடைய பழைய நிறுவனம் புதிய நிறுவனத்துக்கு அனுப்பிய குறிப்புரையே அவ்வழக்கின் பொருள். குறிப்புரை எழுதுவோர் அதை எழுதப்படுவோர்பால் கவனக் கடமை உடையவர் என்று நீதிமன்றம் கூறியது. அதினும் நாம் மிகவும் போற்றுவது வேறொரு பகுதியை. ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே மெய்யாயிருந்தாலும், எல்லாம் சேர்ந்து ஒருவரைப் பற்றித் தவறான தோற்றத்தை உண்டாக்குமானால் அதுவும் கடமை தவறியதே என்று அத்தீர்ப்பு கொண்டது. சற்று நிதானித்துப் பாருங்கள். 'இவர் நான்கு மாதங்களில் ஒன்பது நாள் விடுப்பெடுத்தார்' என்று ஒரு துரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெய்தான். தாயார் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்பதையும், மற்றை ஆறு ஆண்டுகளில் இவர் ஒரு நாளும் தவறவில்லை என்பதையும் எழுதாமல் விட்டார். ஒரு பொய்யும் சொல்லாமலே ஒருவனைச் சோம்பேறியாக்கிவிட்டார். இவ்வகைப் பொய்யைச் செய்வோர் தம்மைப் பொய்யரென்று உணர்வதே இல்லை. அதனாலேயே இது மிகுதியாக நடக்கிறது.

இதனோடு ஒட்டிய மற்றொரு வினா இன்னும் கடினமானது. ஒருவன் பத்தொன்பது வயதில், கூடாத கூட்டத்தோடு சேர்ந்து ஒரு சிறு குற்றம் செய்து அபராதம் கட்டினான். இப்போது வயது முப்பது, மனைவி மக்களோடு ஒழுங்காக வாழ்கிறான். தாளில் கேள்வி இருக்கிறது: குற்றப்பதிவு உண்டா? அவன் என்ன எழுதுவது? சிங்கப்பூரின் 1949-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் பதிவுச் சட்டத்தில் 2005-ஆம் ஆண்டு ஒரு திருத்தம் செய்யப்பட்டது. அன்று வகுத்தபடி, மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ ஒருமுறை பெற்றவர், பின்னர் ஐந்தாண்டுகள் தொடர்ந்து குற்றமின்றி வாழ்ந்தால், அவருடைய பதிவு தீர்ந்ததாகக் கொள்ளப்படும். கொடிய குற்றங்களுக்கு இச்சலுகை இல்லை. பதிவு தீர்ந்தவர் பொதுவாக 'இல்லை' என்று பதில் சொல்லலாம்.

இது பொய்யன்றோ என்று கேட்பார் உளர். வீட்டுப் பெரியவர்கள் சிலர், சட்டம் அனுமதித்தாலும் நெஞ்சறியப் பொய் சொல்லாதே என்று பிள்ளைக்குப் புத்தி கூறுவதும் உண்டு. அவர்களது நேர்மைக்கு வணக்கம். ஆயினும் அவர்கள் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. வாழ்நாளில் எப்போதாவது தவறினாயா என்று அத்தாள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் முதலாளியும் சேர்ந்தன்றோ பதில் சொல்லவேண்டும்! இராஜ்யத்தின் கணக்கில் உன் பெயரில் பாக்கி உண்டா என்பதே கேள்வி. கணக்கை வைத்திருக்கும் இராஜ்யமே பாக்கியில்லை என்று எழுதிவிட்டபின், இல்லை என்பது மெய்யான பதிலே. கடனை அடைத்தவனைக் கடன்காரன் என்பதுதான் பொய். வாய்மை என்பது பிறர்க்குத் தீங்கற்ற சொல் என்று வள்ளுவர் கொண்ட பொருளையும் அப்பெரியவர்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். குற்றம் செய்தவனை வேலைக்குச் சேர்க்காமல் எல்லா வாயிலையும் அடைத்துவிட்டால் அவன் எங்கே போவான்? திறந்திருக்கும் ஒரே வாயில் பழைய கூட்டத்தின் வாயில். நம் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிள்ளைகள் பட்டண ஓரங்களுக்குத் தள்ளப்பட்ட பின்னர் அவ்வாயில் எவ்வளவு அகலமாயிற்று என்பதை நாம் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

இதுவரை பெரிய கம்பெனிகளைப் பற்றியே பேசினோம். நம்மவர் நடத்தும் கடைகளையும் உணவகங்களையும் பற்றிப் பேசாமல் விடுவது ஓரவஞ்சனையாகும். அங்கே தாளும் இல்லை, கையொப்பமும் இல்லை. டெலிபோன் ஒன்றே போதும். 'அண்ணே, உங்ககிட்ட இருந்த பையன் இங்க வந்திருக்கான், ஆள் எப்படி?' 'வேணாம் தம்பி.' விசாரணை முடிந்தது. ஏன் வேண்டாம் என்று கேட்டவர் கேட்கவில்லை, சொன்னவரும் சொல்லவில்லை. பையன் கல்லாவில் கைவைத்தானா, அல்லது மூன்று மாதச் சம்பளப் பாக்கியைத் தொழிலாளர் இலாகாவுக்குப் போய்க் கேட்டானா? இரண்டுக்கும் அதே 'வேணாம்'தான். பிரிக்பீல்ட்ஸிலும் சிராங்கூன் ரோட்டிலும் கடைகள் அடுத்தடுத்து இருப்பதால் அவ்வொரு சொல் மாலைக்குள் தெருவின் மறுகோடியை எட்டிவிடும். கம்பெனியின் தாளையாவது எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போகலாம். இந்தச் சொல்லை எங்கே எடுத்துப் போவது? இலங்கைத் துரையின் துண்டில் தொகையாவது எழுதியிருந்தது.

இவர்கள் விசாரிக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கல்லாவை நம்பி ஒப்படைப்பவர் விசாரிக்கத்தான் வேண்டும். 'என்ன நடந்தது, எப்போது நடந்தது' என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்கட்டும். பிறகு அப்பையனையே கூப்பிட்டு, 'உன்னைப் பற்றி இப்படிக் கேள்விப்பட்டேன், நீ என்ன சொல்கிறாய்?' என்று கேட்கட்டும். இதற்குச் சட்டமும் வேண்டாம், செலவும் இல்லை. அஞ்சு நிமிஷம் ஆகும். கொலைக் குற்றவாளிக்கும் தன் வாதத்தைச் சொல்ல நீதிமன்றம் இடங்கொடுக்கிறது. தேநீர் கலக்க வந்தவனுக்கு நாம் கொடுப்பதில்லை.

வேலையில் சேர்ந்து பல்லாண்டானவரைப் புதிதாகத் துருவுவதும் இக்காலத்தில் பெருகிவருகிறது. முகநூலில் யாரோடு படம் எடுத்தான், எந்தக் கூட்டத்துக்குப் போனான் என்று பார்க்க ஆளே வைத்திருக்கிறார்கள். முன்னே கூறிய அதிகாரத்தின் கடைசிக் குறள் இவர்களுக்குப் பொருந்தும். ஆராயாது நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் ஐயங்கொள்ளுதலும் ஆகிய இரண்டுமே ஓயாத துன்பந்தரும் என்பது அதன் கருத்து. இதன் முற்பாதியை மட்டும் மனனம் செய்த நிர்வாகிகள் பலர். களவு போனது, கணக்கு உதைத்தது என்று காரணம் இருந்தால் விசாரிக்கட்டும். காரணமின்றி நாள்தோறும் துருவப்படுகிறவன், தன்மீது வைக்காத நம்பிக்கைக்கு உண்மையாயிருக்க வேண்டிய அவசியம் என்ன என்று ஒருநாள் கேட்டுக்கொள்வான்.

தொழிலாளத் தோழர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று பாக்கி இருக்கிறது. மலேசியச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனம் தம்மைப் பற்றி வைத்திருக்கும் விவரங்களைக் காட்டும்படி எவரும் எழுத்துமூலம் கேட்கலாம். பிழையிருந்தால் திருத்தவும் கோரலாம். சட்டம் அனுமதிக்கும் சில விலக்குகள் நீங்கலாக, கோரிக்கை கிடைத்த 21 நாட்களுக்குள் நிறுவனம் அதை நிறைவேற்ற வேண்டும். கடிதம் நீளமாயிருக்க வேண்டியதில்லை. பெயர், விண்ணப்பித்த வேலை, விண்ணப்பித்த தேதி, என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்னும் கேள்வி ஆகியவை போதும். எழுதத் தெரியாதவருக்குச் சங்கச் செயலாளரோ, பள்ளி ஆசிரியரோ, படிக்கும் பேரப்பிள்ளையோ எழுதிக் கொடுக்கலாம். நகல் ஒன்றைத் தேதியிட்டு வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.